நீல ஃபியூஸ்

"தள்ளாதீங்கய்யா!" என்று வைத்தியர் கத்தியபோது நான்கு பேர் ஏற்கனவே காரின் பின்பக்கத்தில் கை வைத்துவிட்டிருந்தார்கள்.

வைத்தியர் என்றால் மாத்திரை கொடுக்கிறவர் இல்லை, மெக்கானிக். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அதனால் அந்தப் பெயர். பெயர் வைத்தவர் உள்ளே கூடத்தில், காலையிலிருந்து யாருக்கும் பதில் சொல்லாமல் படுத்திருந்தார்.

"சாவி போடாம தள்ளினா ஸ்டியரிங் பூட்டிக்கும். நேரா போய் கேட்டுல மோதும். மாஸ்டர் வண்டில இது வரைக்கும் ஒரு கீறல் கிடையாது. அவர் போற அன்னிக்கா போடப் போறீங்க?"

நால்வரும் கையை எடுத்தார்கள். நால்வருமே மாஸ்டரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். முப்பத்தோரு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்திய மனிதர் அவர். பக்கத்து இருக்கையில் உட்காருகிறவர் பெல்ட்டை மாட்டுகிற 'க்ளிக்' சத்தம் காதில் விழாமல் சாவியைத் திருப்ப மாட்டார். கலெக்டரே வந்து உட்கார்ந்தாலும் அதே கதைதான் என்பார். எந்தக் கலெக்டரும் வந்து உட்காரவில்லை என்பது வேறு விஷயம்.

மாஸ்டரின் மகள் வாசற்படியில் நின்று காரின் இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். அதன் முதுகில் ஒரு கீறல் இருந்தது. மெல்லியது, ஒரு விரல் நீளம். அது அங்கே இருப்பது இந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கேட்டிலிருந்து வாசலுக்கு வரும் குறுகிய பாதையை அடைத்துக்கொண்டு கார் நின்றது. நாலு மணிக்கு அமரர் ஊர்தி வந்துவிடும். இப்போது மணி இரண்டரை.

"பாப்பா, சாவி எங்கம்மா?" என்றார் வைத்தியர். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அவருக்கு அவள் இன்னும் பாப்பாதான்.

"தேடறேன் மாமா."

தேடவே வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு அவளே வாங்கிய பிளாஸ்டிக் பையில், சட்டை, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, போன், எல்லாவற்றோடும் சாவியும் இருந்தது. பை பீரோவில் இருந்தது. அவள் பீரோ பக்கம் போகாமல் கூடத்துக்குப் போனாள். தோளில் கைப்பை தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து இரண்டு பேர் அதை வாங்கி வைக்கப் பார்த்தார்கள். அவள் கொடுக்கவில்லை. பைக்குள், ஜிப் வைத்த சின்ன அறையில், காகிதக் கைக்குட்டையில் சுற்றி, கட்டைவிரல் நகத்தளவில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் துண்டு இருந்தது. இரண்டு தகரக் கால் முளைத்த துண்டு. நேற்று மாலை ஏழு மணிக்கு அந்தக் காரிலிருந்து அவள் உருவியது.

அது இல்லாமல் பெட்ரோல் பம்ப் ஓடாது. பம்ப் ஓடாமல், தலைகீழாக நின்றாலும் வண்டி எடுக்காது.

கூடத்தில் அம்மா, அப்போதுதான் வந்து உட்கார்ந்த ஒரு பெண்மணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இது பதினைந்தாவது தடவையோ இருபதாவது தடவையோ.

"அஞ்சு அம்பதுக்கு எழுந்தாரு. தோள்பட்டை இழுக்குதுன்னாரு. ஆறு மணிக்கு, ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்னு சட்டையை மாட்டிட்டுக் கிளம்பினாரு. எதிர்வீட்டுல யாரையாவது எழுப்பறேன்னு சொன்னேன். அதுக்கு எதுக்கு ஊரைக் கூட்டறேன்னாரு. ஆறு அஞ்சுக்குப் போய் வண்டில உக்காந்தாரு. வண்டி எடுக்கல. வண்டி மட்டும் எடுத்திருந்தா..."

அம்மா எதையும் மணி சொல்லாமல் சொல்ல மாட்டாள். சமையலறை ஜன்னலுக்கு மேல் ஒரு பெரிய கடிகாரம் இருக்கிறது. அடுப்பில் பால் வைத்த நேரம், தபால்காரர் வந்த நேரம், பக்கத்து வீட்டில் சண்டை ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். 'உங்கம்மா வயித்துல பெண்டுலம் ஆடுது' என்று அப்பா கிண்டல் செய்வார்.

வண்டி மட்டும் எடுத்திருந்தா. அந்த வாக்கியத்தை அம்மா ஒருதடவைகூட முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டுவிட்டு, நிமிர்ந்து மகளைப் பார்ப்பாள். மகள் சுவரைப் பார்ப்பாள்.

யாரோ நாற்காலியைத் தரையோடு இழுத்தார்கள். கர், கர், கர். காலையிலிருந்து இப்படித்தான். மின்விசிறி சுற்றுவதில், யாரோ தொண்டையைச் செருமுவதில், ஆஸ்பத்திரியில் தள்ளுகட்டிலின் சக்கரத்தில், எல்லாவற்றிலும் அந்தச் சத்தம்தான் கேட்டது. அவள் கேட்டே இராத சத்தம். ஆறு மணிக்கு அவள் இங்கே இல்லை. கடைக்குப் பக்கத்தில் தன் வாடகை வீட்டில் இருந்தாள். ஆனாலும் அந்தக் கார் விடியற்காலையில் எடுக்காமல் சுற்றிய சத்தம் அவளுடைய காதுக்குள் குடியேறிவிட்டது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். கண் சோதிப்பது, சட்டத்துக்குத் தக்கபடி கண்ணாடி வெட்டுவது. இரண்டு மாதத்துக்கு முன் அப்பாவை வம்படியாக இழுத்துக்கொண்டுபோய்ச் சோதித்தவளும் அவள்தான். பார்வையின் பரப்பைக் காட்டும் தாள் அச்சாகி வந்தபோது, இரண்டு ஓரமும் கறுப்பாக இருந்தது. நடுவில் மட்டும் ஒரு தண்ணீர்க் குழாயின் அகலத்துக்கு வெள்ளை. கண் டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இனி ஓட்டக் கூடாது" என்றார். அப்பா, "நேரா பாத்துதானே டாக்டர் ஓட்டணும், ஓரத்துல என்ன வேலை?" என்றார். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

போன வியாழக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாலையோரம் ஒரு பள்ளிக்கூடப் பெண் நடந்துகொண்டிருந்தாள். கார் அவளை ஒட்டிப் போனது; ஒட்டி என்றால் ஒட்டியேதான். இடது கண்ணாடி அந்தப் பெண்ணின் முதுகுப் பையின் கொக்கியை உரசிக்கொண்டு போனது. அந்தப் பெண் ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். விழவில்லை. அப்பா, "என்ன சத்தம் அது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

அவர் அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை. அதுதான் மகளைத் தூங்கவிடாமல் செய்தது. சாவியைக் கேட்டாள். கொடுக்கவில்லை. அழுதாள், மிரட்டினாள். "பையிலதானே பட்டுச்சு" என்று ஒற்றைக்காலில் நின்றார். சாவியை ஒளித்துவைத்தால் இன்னொன்று செய்துகொள்வார். அதனால் நேற்று மாலை வந்தாள், அம்மா கொடுத்ததைச் சாப்பிட்டாள், அப்பா குளிக்கப் போன நேரத்தில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள மூடியைத் திறந்து நீல ஃபியூஸை உருவிக்கொண்டாள். காலை எட்டு மணிக்கு வைத்தியர் மாமாவிடம் பேசி, 'ஏதோ பாகம் வரணும், ஒரு மாசம் ஆகும்' என்று அப்பாவிடம் சொல்லச் சொல்வதாகத் திட்டம். அதற்குள் மனசு மாறிவிடும் என்று நினைத்தாள்.

கிளம்பும்போது அப்பா கேட்டார்: "காலைல நான் வந்து கடைல விட்டுடட்டுமா?"

"வேணாம்பா. பஸ்ல போயிக்கறேன்." பதில் சொல்லும்போது கை ஃபியூஸை மூடிக்கொண்டிருந்தது. அவரோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஏனென்றால், காலை ஆறு இருபத்திரண்டுக்கு அவர் போன் செய்தபோது அவள் எடுக்கவில்லை. 'அப்பா' என்று திரை மினுங்கியது. கண்டுபிடித்துவிட்டார், காதில் ரத்தம் வரத் திட்டப் போகிறார் என்று நினைத்துப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அது சமையல் மேடையின் மேல் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே நகர்ந்தது. பிறகு நின்றது. ஆறரைக்கு அம்மா கூப்பிட்டாள்.

வெளியே பானெட் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் ஓடினாள்.

சாவி இல்லாவிட்டால் என்ன, வைத்தியர் கார்க் கதவைத் திறந்து நெம்புகோலை இழுத்து, பானெட்டைத் தூக்கி, கம்பியை முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டிருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே குனிந்து பார்த்தார். பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். துக்கம் விசாரிக்கத் தெரியாத ஆண்களுக்கெல்லாம் அது வசதியாகப் போய்விட்டது. சாவைப் பற்றி என்ன பேசுவது என்று தெரியாதவர்கள் பேட்டரியைப் பற்றிப் பேசினார்கள்.

"பேட்டரி செத்திருக்கும்" என்று ஒருவர் சொன்னார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வைத்தியர் பேட்டரி முனைகளை அசைத்துப் பார்த்தார். இரண்டும் இறுக்கமாக இருந்தன. "யாராவது சத்தம் கேட்டீங்களா, காலைல?"

எதிர்வீட்டு டீச்சர் கேட்டுக்கு அருகில் நின்றிருந்தார். "நான் கேட்டேன். மாடில செடிக்குத் தண்ணி விட்டுட்டிருந்தேன்."

"எப்படி வந்துச்சு டீச்சர்? டக்டக்குனு வந்துச்சா, கர்கர்னு சுத்துச்சா?"

"சுத்துச்சு. கர்... கர்... கர்னு நல்லாவே சுத்துச்சு. பிடிக்கல."

"நல்லா சுத்துச்சுன்னா பேட்டரி இல்ல. செல்ஃப் மோட்டாரும் இல்ல." வைத்தியர் இரண்டு விரலை மடக்கினார். "எத்தனை தடவை?"

"மூணு தடவை. மொதல் தடவை பிடிக்கிற மாதிரி வந்து அணைஞ்சுது. அப்புறம் பிடிக்கவே இல்ல."

வைத்தியரின் முகம் மாறியது. அழுது வீங்கிய கண்ணுக்குள் இன்னொரு ஆள் எட்டிப் பார்த்தான். "பிடிச்சு அணைஞ்சுதா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"நாப்பது வருஷம் பசங்க சத்தத்தைக் கேட்டு வளர்ந்த காது இது."

"அப்ப குழாய்ல மிச்சம் இருந்த பெட்ரோல் எரிஞ்சிருக்கு. புதுசா வரல." அவர் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவினார், எலி கடித்திருக்கிறதா என்று கீழே குனிந்து பார்த்தார், ரப்பர் குழாயை அழுத்தி, விரலை மோந்தார். மகளுக்கு அவர் அப்பாவின் உடம்பையே தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு பொறுமையாக யாரும் பார்க்கவில்லை. அங்கே ஒரு விளக்கைக் கண்ணில் அடித்தார்கள், தலையை ஆட்டினார்கள், முடிந்துவிட்டது.

"அப்புறம் என்ன செஞ்சாரு டீச்சர்?"

"பானெட்டைத் தொறந்தாரு, மூடினாரு. அப்புறம் உள்ள லைட்டைப் போட்டுட்டு ஸ்டியரிங் கீழ குனிஞ்சு என்னமோ தேடிட்டிருந்தாரு. கண்ணாடி விழுந்துடுச்சு போலன்னு நெனச்சேன். நான் இறங்கி வந்து கேட்டிருக்கணும். கேக்கல." டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வைத்தியர் நிமிர்ந்து, துணியில் கையைத் துடைத்தார். யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "ஒண்ணு பம்ப்பு போயிருக்கணும். இல்லன்னா பம்ப்புக்குக் கரண்ட் போகல. ரிலே. இல்ல, ஃபியூஸ்."

எரிந்துபோன ஃபியூஸ் என்றால் கரிந்து அதே இடத்தில் இருக்கும். இடமே காலியாக இருந்தால், யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மூடியைத் திறந்தால் ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்துவிடும். இத்தனை பேருக்கு நடுவில், "இதை யார் உருவினது?" என்று கேட்பார். அம்மா உள்ளே இருக்கிறாள்.

அவள் திரும்பி வீட்டுக்குள் ஓடினாள். பீரோவைத் திறந்தாள். பிளாஸ்டிக் பையில் அப்பாவின் சட்டை சுருட்டி வைத்திருந்தது. சாவி சட்டைப் பையிலேயே கிடந்தது. அதை எடுத்தாள். இன்னொரு கையால் கைப்பையின் ஜிப்பைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, ஃபியூஸை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டாள். 'நான் உக்காந்து பாக்கறேன் மாமா' என்று சொல்லி இருக்கையில் உட்கார்ந்துவிட வேண்டும். குனிந்து சொருக ஐந்து வினாடி போதும்.

வெளியே வந்தபோது வைத்தியர் ஏற்கனவே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நான் ஒரு நிமிஷம்..."

"குடும்மா." அவர் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். "எங்க இருந்துச்சு?"

"சட்டைப் பைல."

"சட்டைப் பைலயா?" அவர் சாவியைப் பார்த்தார். "எல்லாரும் கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. பம்ப்பு ஓடுதான்னு காது குடுத்துக் கேக்கணும்."

கூட்டம் அடங்கியது. கூடத்தில் அழுகைகூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. அவர் சாவியைப் பாதி மட்டும் திருப்பினார்.

பின்னிருக்கைக்கு அடியிலிருந்து, தூக்கத்தில் யாரோ முனகுவது போல, 'ம்ம்ம்' என்று இரண்டு வினாடி வந்தது. நின்றது.

அவள் உள்ளங்கையை இறுக்கினாள். ஃபியூஸின் தகரக் கால்கள் தோலில் குத்தின. அது இங்கே இருக்கிறது. இங்கேதான் இருக்கிறது.

வைத்தியர் சாவியை முழுசாகத் திருப்பினார். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஒரு தயக்கம் இல்லை, ஒரு செருமல் இல்லை. தினமும் காலையில் எழுந்து கிளம்புகிற மாதிரி எடுத்துக்கொண்டு, சீராக ஓடியது.

நான்கு பேரில் ஒருவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஆள் இல்லாத வீட்டில் விளக்கு எரிவதைப் பார்க்கிற மாதிரி அவள் அந்தக் காரைப் பார்த்தாள். அப்பா இங்கேதான் எங்கேயோ குனிந்துகொண்டிருக்கிறார், இப்போது நிமிர்வார் என்று நிஜமாகவே நினைத்தாள்.

வாசலில் அம்மா வந்து நின்றாள். அவளை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்டு எழுந்து வந்திருக்கிறாள். இந்தச் சத்தம் கேட்டு அடுப்பை அணைப்பதும் பற்றவைப்பதும் அவளுக்கு இருபது வருடப் பழக்கம்.

"யாரு?" என்றாள்.

"நான்தாம்மா" என்றார் வைத்தியர். குரல் உடைந்திருந்தது. "ஒண்ணுமே இல்லம்மா வண்டில. நல்லா இருக்கு."

அம்மா ஓடுகிற காரைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

வைத்தியர் இன்ஜினை ஓடவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண் டாஷ்போர்டில் ஓர் இடத்தில் நின்றது. ரேடியோ. சாவியைத் திருப்பினால் போதும், அது அலற ஆரம்பித்துவிடும். அப்பா அதை அணைத்ததே கிடையாது. இப்போது அது ஊமையாக இருந்தது. திரையில் வெளிச்சம்கூட இல்லை. அவர் பொத்தானை ஒருமுறை அழுத்தினார். பிறகு மெல்ல, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள மூடியைப் பார்த்தார். அது ஒரு மூலையில் சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டிருந்தது. கதவோரம் நின்ற அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய மூடிய கையையும் பார்த்தார்.

மூடியை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார். அது டக்கென்று உட்கார்ந்தது.

"தள்ளி நில்லு பாப்பா, ரிவர்ஸ் எடுக்கணும்" என்றார்.

அவர் காரைத் தெருவுக்குக் கொண்டுபோய் ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, சாவியை அவளிடம் கொடுத்தார். நாலு மணிக்கு அமரர் ஊர்தி வந்தது. அதற்குச் சற்று முன்னால் வந்த ஒருவரிடம் அம்மா மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. "ஆறு அஞ்சுக்குப் போய் உக்காந்தாரு. வண்டி எடுக்கல." வண்டி எடுத்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிறகும் அம்மா ஏன் அதையே சொல்கிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பியபோது மணி ஆறு. வந்தவர்களில் பாதிப் பேர் தெருமுனையிலேயே கழன்றுகொண்டார்கள். அவள் வீட்டுக்குள் போகாமல் காருக்குப் போனாள். ஓட்டுநர் இருக்கை அப்பாவின் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது. அதைச் சரிசெய்யாமல் விளிம்பில் உட்கார்ந்து, குனிந்து, மூடியைத் திறந்தாள்.

பம்ப்பின் இடத்தில் ஒரு நீல ஃபியூஸ் இருந்தது. அதற்கு இரண்டு வரிசை தள்ளி, ரேடியோவின் இடம் காலியாக இருந்தது.

அவளுக்குப் பதினோரு வயது இருக்கும். இதே கார், அப்போது புதுசு. ஊருக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் நின்றுபோனது. அப்பா இதே மூடியைத் திறந்து, கரிந்த ஃபியூஸை எடுத்துப் போட்டுவிட்டு, ரேடியோவுடையதை உருவி அங்கே மாட்டினார். "பாட்டு இல்லாம வீட்டுக்குப் போயிடலாம். பம்ப்பு இல்லாம போக முடியாது" என்றார். சொன்னாரே தவிர பாட்டை விடவில்லை; வீடு வரை அவரே பாடிக்கொண்டு வந்தார். தயவுசெய்து வண்டியை மறுபடி நிறுத்திவிடுங்கள் என்று அம்மா கெஞ்சினாள். ஃபியூஸில் கை வைப்பதற்கு முன்னால் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். அதுவும் அன்றைக்குப் பார்த்ததுதான். எந்த ஃபியூஸை உருவ வேண்டும் என்று நேற்று அவள் யாரிடமும் கேட்காததற்குக் காரணமே அந்தப் பயணம்தான்.

ஆக, கண்டுபிடித்திருக்கிறார். ஓரமெல்லாம் இருண்ட கண்ணை வைத்துக்கொண்டு, இழுக்கிற தோளோடு குனிந்து, காலியான இடத்தைத் தடவித் தெரிந்துகொண்டிருக்கிறார். மாற்றியும் விட்டார். சாவியைப் பையிலிருந்து எடுத்துத் திருப்புவதுதான் பாக்கி. அதற்குள்.

கால்மிதியில் ஏதோ மின்னியது. எடுத்துப் பார்த்தாள். ஒரு முனை வளைந்துபோன முடியூசி. அம்மாவுடையது.

பக்கத்துக் கதவு திறந்தது. அம்மா தலையைக் குனிந்து உள்ளே வந்து உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மகளின் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள். வாங்கி, வளைந்த முனையைப் பல்லால் கடித்து நிமிர்த்தி, கொண்டையில் சொருகிக்கொண்டாள்.

"அம்மா. அந்த ஃபியூஸை நான்தான்..."

"தெரியும்."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. அது போகும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர்தான் சொன்னாரு" என்றாள் அம்மா. "சமையல்கட்டு ஜன்னல் கிட்ட வந்து, ஒரு முடியூசி குடுன்னாரு. எதுக்குன்னு கேட்டேன். 'ரேடியோ ஃபியூஸை நெம்பத்தான். உம் பொண்ணு என் வண்டிக்கு வாய்ப்பூட்டு போட்டுட்டுப் போயிருக்கா, பாரு'ன்னு சிரிக்கிறாரு. தோள் இழுக்குதுன்னு மூஞ்சியச் சுளிச்சுட்டிருந்த மனுஷன். அப்படிச் சிரிச்சாரு."

மகள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டி முடிச்சுட்டு உனக்குப் போன் போட்டாரு. மொதல்ல கிளம்புங்க, அப்புறம் பேசலாம்னு சொன்னேன். 'ரெண்டு நிமிஷம் இரு, அவகிட்ட ஜெயிச்சுட்டேன்னு சொல்லிட்டுப் போயிடறேன்'னாரு. அடிச்சுது, அடிச்சுது, நீ எடுக்கல. 'பயந்துட்டா'ன்னாரு. அதுக்கும் சிரிப்புதான். நான் தண்ணி எடுக்க உள்ள போனேன்."

அம்மா அதோடு நிறுத்திக்கொண்டாள். மீதியைக் காலையிலிருந்து ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது.

மகளுக்கு அழுகை வரவில்லை. வந்தால் தேவலை போலிருந்தது. காலையிலிருந்து அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கேள்விதான். அதைக் கேட்கக் கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

"எத்தனை நிமிஷம்மா ஆச்சு? எடுக்காம போனதுலேர்ந்து... அவர் அதைத் தேடிக் கண்டுபிடிச்சு மாட்டற வரைக்கும்?"

அம்மா மடியில் இருந்த கையைப் பார்த்தாள். விரலால் புடவையில் இல்லாத ஒரு மடிப்பை நீவினாள்.

"நான் கடிகாரம் பாக்கல" என்றாள்.

எதிர்வீட்டு மாடியில் டீச்சர் செடிகளுக்குத் தண்ணீர் விட வந்தார். கீழே காரைப் பார்த்தார். பூவாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"வண்டி எடுக்கலைன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்" என்றாள் அம்மா. "யாரு கேட்டாலும் நீயும் அதையே சொல்லு. வண்டிக்கு ஒண்ணும் வலிக்கப் போறதில்ல."

மகள் தலையாட்டினாள். அவள் கையில் இன்னும் அந்த நீலத் துண்டு இருந்தது, வியர்வையில் ஈரமாகியிருந்தது. அதைப் புடவையில் துடைத்தாள். குனிந்து, காலியான இடத்தில் வைத்து அழுத்தினாள். சாவியைப் பாதி திருப்பினாள்.

பின்னிருக்கைக்கு அடியில் 'ம்ம்ம்' என்றது. அதன் மேலேயே ரேடியோ பெரிய சத்தமாக வெடித்துக் கிளம்பியது. அப்பா வைத்துவிட்டுப் போன அதே அளவு. நாளைக்கு மழை பெய்யலாம் என்று யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் குறைக்கக் கை நீட்டினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

அம்மா பக்கத்திலிருந்த பெல்ட்டை எட்டி இழுத்தாள். மாட்டும் இடம் அகப்படாமல் இரண்டு முறை தடவினாள். 'க்ளிக்' என்று மாட்டிக்கொண்டு, முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.